பன்னிரண்டாவது ஆணி

உகந்தை வாசலில் தாள் நிரப்பினோம்.
ஆட்கள் மூவர். இரவுகள் இரண்டு.
கூடாரம் ஒன்று, அதற்கு ஆணிகள் பன்னிரண்டு.
காவலர் ஒவ்வொன்றாய் எடுத்து எண்ணினார்,
தண்ணீர்ப் போத்தல்களையும் எண்ணினார்.
'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில்
தர்மினி ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

அதற்கு முன் கடல்.
உல்லையிலிருந்து இருட்டோடு புறப்பட்ட
உதுமாலெவ்வையின் வள்ளம்.
"தண்ணியப் பாக்காதீங்க,
கரையப் பாத்துக்கிட்டு இரிங்க" என்றார்.
நான் தண்ணீரைத்தான் பார்த்தேன்.
பாணமைக்கு நேரே வந்தபோது வயிறு புரண்டது.
அவர் சிரிக்கவில்லை.
பாதித் தேசிக்காயை நீட்டிவிட்டு
எஞ்சினைத் தூக்கினார்.
இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தோம்,
கூடாரம் என் தலையில்,
அரிசி தர்மினி தலையில்.

பிறகு கால்.
முதியான்சே முன்னால் நடந்தார்.
அவருக்கு அரைத் தமிழ், எனக்கு அரைச் சிங்களம்,
நடுவில் மிஞ்சியதைக் கை சொன்னது.
கை விரிந்தால் நில்.
கை தாழ்ந்தால் குந்து.
கை மூக்குக்குப் போனால்
யானை நாற்றம் எனக்கும் வரவேண்டும்.
எனக்கு வரவேயில்லை,
வெயிலில் வேகும் பாலை இலையின் மணம்தான் வந்தது.

மணல் மேட்டில் இராவணன் மீசை
கணுக்காலைக் கீறியது.
அப்பால் கடல் ஒரு பக்கம் கத்த
இப்பால் வில்லு, ஒரு சொல்லும் இல்லாமல்.
கண்டல் கொப்பு ஒவ்வொன்றிலும்
மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகள்
பழைய கதவுக் கீல் போலக் கிறீச்சிட்டன.
தாய் வந்து தன் நிழலை அவற்றின் மேல் போட்டு
செட்டை பாதி விரித்தபடி நின்றது,
நாங்கள் சோறு கட்டி அவிழ்த்து உண்டு
கை கழுவி எழும்பும்வரை
நின்றது.

கும்புக்கன் ஆறு கடலைத் தொடாமல்
ஒரு மணல் வரம்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தது.
மருதமர வேருக்குத் தள்ளி,
முதலை ஏறும் சரிவுக்கும் தள்ளி,
முதியான்சே குதிக்காலால் ஒரு வட்டம் கீறினார்.
இதற்குள் அடி. இதற்குள் படு.

முதலாம் இரவு ஒன்றுமில்லை.
நுளம்பு. கடல். தர்மினியின் குறட்டை.

இரண்டாம் இரவு
கூடாரத்துணி மெல்ல உள்ளே வந்தது.
காற்று என்று நினைத்தேன்,
காற்றுக்கு அப்படி மூச்சு இல்லை.
தர்மினியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.
கயிறு ஒன்று வீணைத் தந்தி போல விண் என்று இறுகி
பிறகு தளர்ந்தது.
அடம்பன் கொடி பிய்யும் சத்தம்,
மெல்லும் சத்தம்,
வயிற்றுக்குள் தூரத்து லொறி போல ஒரு உருட்டல்.
எனக்குத் தெரிந்த எந்தத் தேவாரமும் வரவில்லை.
வந்தது தொலைபேசிக் கட்டணம் கட்டாதது மட்டும்.
வெளியே முதியான்சே
யாருக்கோ வழி சொல்வது போல
தணிந்த குரலில் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்.
நெடுநேரம் கதைத்தார்.

விடிந்ததும் பார்த்தோம்.
தட்டுப்போல் ஒரு காலடி, அதில் ஊறிய நீர்,
நீரில் ஏற்கெனவே ஒரு குட்டித் தவளை.
மூலை ஆணி இருந்த இடத்தின் மேலேயே
அந்தக் கால் வைக்கப்பட்டிருந்தது.
தோண்டினோம், முழங்கை வரை.
ஈர மணல், பிறகு களி,
பிறகு விரல்நுனியில் இரும்பின் குளிர்.
அசையவில்லை.
தர்மினி தவளையைக் காட்டி
"விடு" என்றாள்.
தோண்டியதை மூடினேன், காலடி கெட்டுப்போனது,
தவளை கோபத்தோடு ஆற்றுக்குப் போனது.

வாசலில் அதே காவலர், அதே தாள்.
போத்தல்கள் சரி.
ஆணிகளை இரண்டு தரம் எண்ணினார்.
"பன்னெண்டு போனது.
பதினொன்று வந்திருக்கு."
நான் முதியான்சேயைப் பார்த்தேன்.
அவர் கையை மூக்குக்குக் கொண்டுபோனார்,
பிறகு பாதத்தால் நிலத்தை ஒரு தரம் அழுத்தினார்.
காவலர் தலையாட்டினார்.
பேனையைத் தட்டி, குறிப்புக் கட்டத்தில்
சிங்களத்தில் ஒரு நீண்ட வரி எழுதினார்.
முதியான்சே குனிந்து வாசித்து
பாணமை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.
என்ன எழுதியது என்று
நானும் கேட்டேன், தர்மினியும் கேட்டாள்.
அந்த நேரம் பார்த்து
அவருக்குத் தமிழ் சுத்தமாய் வரவில்லை.